செங்கோடன் இன்னும் போகவில்லை

கூத்தமடை நீர்த்தேக்கத்தின் மேல்கரையில், ஐப்பசி பன்னிரண்டாம் தேதி காலையில், செங்கோடன் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் பரிசலில் ஏறினான். அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் அவனால் எந்தக் கரையிலும் கால் வைக்க முடியவில்லை. வீட்டை விட்டு இறங்குகிற யாரும் போறேன் என்று சொல்வதில்லை, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வார்கள், அவசரமாக இருந்தால் முதல் பாதியை விழுங்கிவிட்டு வர்றேன் என்று மட்டுமாவது சொல்வார்கள், பிணத்தைத் தவிர மற்ற எல்லாரும் அப்படித்தான் வாசலைத் தாண்டுகிறார்கள் என்பது செங்கோடனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். கோபம் வந்தால் அவன் வாயில் பாதி வார்த்தைதான் வரும்.

ஏரி விளிம்பு வரை தளும்புகிற ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும், முப்பது மீன்பிடிக் குடும்பங்கள் சட்டி பானை, கோழி, நாய், வலைமூட்டை எல்லாவற்றோடும் மேல்கரைக் காட்டோரத்துக்கு வந்து, தார்ப்பாயில் கூடாரம் போட்டுத் தங்கித் தொழில் செய்வது வழக்கம். ஏரி அவ்வளவு பெரிது; இந்தக் கரையில் நின்று பார்த்தால் கீழ்க்கரை ரோட்டில் போகிற பஸ் சிவப்புப் பொட்டாகத் தெரியும், அதுவும் வெயில் நன்றாக அடித்தால்தான். முகாமில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போவார்கள். பெண்சாதி துடுப்புப் போடுவாள், புருஷன் வலை விடுவான், ஒருவர் வேலையை மற்றவர் தொடுவதில்லை, அப்படித் தொட்டால் அன்றைக்குப் பரிசலில் மீனைவிடச் சண்டைதான் அதிகம் கிடக்கும். செங்கோடனின் பெண்சாதி பாவாயி, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கோடு கிழித்தாற்போலப் பரிசல் விடுகிறவள். செங்கோடன் வலை விடுவதில் மன்னன், ஆனால் துடுப்பைக் கையில் கொடுத்தால் பரிசலை ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது போலச் சுற்ற வைப்பான். இப்படி ஒருத்தரை நம்பி ஒருத்தர் பதினோரு வருஷம் ஓட்டினார்கள், பிள்ளை குட்டி இல்லை, பெரிய சண்டையும் இல்லை.

சண்டை திருப்பூரிலிருந்து வந்தது. அங்கே பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற செங்கோடனின் தம்பி, ஒரு இடம் காலியாக இருக்கிறது, உடனே கிளம்பி வா என்று போன் செய்தான். தண்ணீரில் நனையாமல் ஒரு வேலை செய்து பார்க்க வேண்டும் என்று செங்கோடனுக்கு ரொம்ப நாளாக ஆசை. பாவாயிக்கு ஒரே அண்ணன் இருந்தான், அவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே திருப்பூருக்குப் போனவன், முதல் தீபாவளிக்கு வரவில்லை, அப்பா சாவுக்கும் வரவில்லை, இப்போது அவன் முகமே அவளுக்குச் சரியாக நினைவில் இல்லை. "பேருதான் திருப்பூரு, போன ஆளை அது திருப்பி அனுப்புறதில்ல" என்று அவள் சொன்னாள், இரண்டு நாள் விடாமல் சொன்னாள், மூன்றாம் நாள் காலையில் செங்கோடன் துடுப்பை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அந்தப் பாதி வார்த்தையைச் சொன்னான். அதை முகாம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பதிலாகப் பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு "போ" என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

நாற்பது முழத் தூரம் சுற்றிச் சுற்றிப் போனதும் செங்கோடனுக்குக் கோபம் தணிந்துவிட்டது, மாற்றுத்துணிப் பையை மறந்துவிட்டதும் ஞாபகம் வந்தது, பரிசலைக் கரைக்குத் திருப்பினான். துடுப்புப் போட்டான், தண்ணீர் பின்னால் ஓடியது, கரை மட்டும் நாற்பது முழத்திலேயே நின்றது. மத்தியானம் வரை போட்டான். பரிசலை விட்டுக் குதித்து நீந்தினான், அரைமணி நேரம் நீந்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால் கரையில் துணி துவைக்கிறவர்கள் முன்பு இருந்த அதே தூரத்தில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே போய்ப் பார்த்தான், அங்கேயும் நாற்பது முழம். தெற்கே அணைச்சுவர், வடக்கே சேறும் நாணலும், எங்கே போனாலும் கரை நாற்பது முழம் தள்ளியே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பக்கத்துக் கூடாரத்துப் பச்சியண்ணன் தன் பரிசலில் போய் அவனை ஏற்றிக்கொண்டு வந்தான், வந்தான் என்று சொல்லக் கூடாது, வரப் பார்த்தான். செங்கோடன் உள்ளே உட்கார்ந்திருக்கிற வரையில் பச்சியண்ணன் பரிசலும் கரை சேரவில்லை. சாயங்காலம் ஆனதும் அவனைத் திரும்ப அவன் பரிசலிலேயே இறக்கிவிட்டு, வேறு வழியில்லை மச்சான் என்று சொல்லிவிட்டுப் பச்சியண்ணன் இரண்டு நிமிஷத்தில் வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் கயிறு கட்டி இழுப்பது என்று முடிவானது, அதற்கு ஆள் சேர்த்தவள் பாவாயிதான். ஐம்பது முழக் கயிற்றின் ஒரு முனையைச் செங்கோடன் பரிசலில் கட்டிக்கொண்டான், மறுமுனையை முப்பது ஆண்கள் கரையிலிருந்து இழுத்தார்கள். கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஐம்பது முழம் வந்தது, நூறு முழம் வந்தது, கரையில் கயிறு வைக்கோல் போர் உயரத்துக்குக் குவிந்தது, பரிசல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பாவாயி இன்னும் இழுங்க, இன்னும் இழுங்க என்று நின்றாள், உச்சிவெயிலில் ஆண்கள் கைக்கொப்புளத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். குவிந்த கயிறு நல்ல கயிறாகவும் இருந்ததால் வீணாக்க மனமில்லாமல் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு போனார்கள், அந்த வருஷம் முகாமில் எல்லாக் கூடாரத்துக்கும் துணி காயப்போட இரண்டு கொடி இருந்தது. அதற்கப்புறமும் யாருக்காவது கயிறு தேவைப்பட்டால் செங்கோடனைக் கூப்பிட்டு ஒரு முனையைக் கட்டச் சொல்வார்கள், அவனும் சலிக்காமல் கட்டுவான்.

பழக்கப்படாத அதிசயம் எது? பத்து நாளில் முகாமுக்கு அது பழகிவிட்டது. காலையில் யார் முதலில் தண்ணீரில் இறங்குகிறார்களோ அவர்கள் பாவாயி கொடுக்கிற சோற்றுச் சட்டியைச் செங்கோடனிடம் கொடுத்துவிட்டு அவன் பிடித்த மீனை வாங்கி வந்தார்கள். நாவிதர் ஞாயிற்றுக்கிழமை பரிசலில் போய்ச் சவரம் செய்துவிட்டு வந்தார், தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடம் என்று பாராட்டவும் செய்தார். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, காணாமல் போனவர் என்று எழுதவா என்று கேட்டார். ஆள்தான் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து வலை பின்னுகிறானே என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படியானால் இதற்குப் படிவம் கிடையாது என்று சொல்லி, ஒரு மிதவைச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் டவுனிலிருந்து ஜனங்கள் பார்க்க வந்தார்கள், வேர்க்கடலை விற்கிறவன் வந்தான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஆறு வருஷமாகக் காத்திருக்கிற ஒரு அம்மா வந்து, கரையிலிருந்தே கையைக் குவித்து, அங்கே இருக்கிறவங்களுக்குக் கரை தெரியுமா தம்பி என்று கேட்டாள். நல்லாத் தெரியுதும்மா என்று செங்கோடன் சொன்னான், அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

பேச்சும் மாறிவிட்டது. போ என்ற சொல்லை அப்படியே மொட்டையாக வாயிலிருந்து விட எல்லாருக்கும் பயம் வந்தது. கரண்ட் போச்சு என்று சொல்லாமல் கரண்ட் போயிட்டு வருது என்றார்கள். காட்டோரம் வரும் பஸ்ஸில் கண்டக்டர், போலாம் ரைட் என்பதை விட்டுவிட்டு, போயிட்டு வரலாம் ரைட் என்று கூவினார். மீன் திருடுகிற நாயைக்கூடப் போயிட்டு வா என்று சொல்லித்தான் விரட்டினார்கள், நாய்களும் சொன்ன சொல் தட்டாமல் போய்விட்டு உடனே வந்து இன்னொரு மீனைக் கவ்வின. பக்கத்து ஊரிலிருந்து இழவுச் சேதி கொண்டுவந்த ஆள், செத்தவர் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரை மணி நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

பாவாயிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எல்லாரும் செங்கோடன் வாயைத்தான் குறை சொன்னார்கள், அவன் சொன்ன சொல்லுக்கு அவன் அனுபவிக்கிறான் என்று பாவாயியிடமே வந்து ஆறுதல் சொன்னார்கள், அப்போதெல்லாம் அவள் தன் வார்த்தையை விழுங்கிக்கொண்டு மீனைச் சுரண்டினாள். பூசாரியைக் கூட்டி வந்தாள். ஒரு சட்டி நிறையக் கரை மண்ணை அனுப்பி அதில் காலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஆயிரம் தடவை வர்றேன் வர்றேன் என்று சொல்லச் சொன்னாள், அவனும் தொண்டை கட்டுகிற வரையில் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை, அவளும் விடவில்லை. விட்டால் அவள் பாவாயி இல்லை.

கார்த்திகை பத்தாம் தேதி மீனவர் சங்கத்தில் எடை போடுகிற மரியதாஸ் ஒரு அறிவிப்பைக் கொண்டுவந்து படித்தார். இரண்டாம் போகத்துக்காகக் கார்த்திகை இருபத்துநாலாம் தேதி காலை எட்டு மணிக்கு அணையின் எல்லா மதகும் திறக்கப்படும், பரிசல்களைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட வேண்டும், மிதந்துகொண்டிருக்கும் எதுவும் இழுவையில் மதகுக்குள் போய்விடும். படித்து முடித்ததும் எல்லாரும் ஏரியைப் பார்த்தார்கள், அங்கே செங்கோடன் முதுகைக் காட்டிக்கொண்டு வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தான். கயிறு கட்டினால் நிற்காது, அது நீண்டுகொண்டே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று மரியதாஸ் சொன்னார், கேட்கவும் செய்தார், கீழே அறுபது ஊர் வயல் காய்கிறது, ஒரு பரிசலுக்காகத் தள்ளி வைக்க முடியாது என்று பதில் வந்தது.

அடுத்த பன்னிரண்டு நாளும் பாவாயி சரியாகத் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. பதிமூன்றாம் நாள் காலையில், காயப்போட்ட வாளை மீனை ஒரு நாய் கவ்வ வந்தது, பச்சியண்ணன் பெண்சாதி வழக்கம்போலப் போயிட்டு வா என்று கல்லெடுத்தாள், நாய் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வட்டம் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பாவாயி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அந்தாளு இன்னும் போகவே இல்லையே" என்று சொன்னாள்.

பச்சியண்ணனுக்குப் புரியவில்லை. நாற்பது நாளாகத் தண்ணீரில் கிடக்கிறவனைப் போகவில்லை என்கிறாளே, பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தான். பாவாயி அவனுக்கு விளக்கிச் சொல்ல நிற்காமல் கூடாரத்துக் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"போறேன்னு சொன்னாரு, நாற்பது முழத்துல நின்னுட்டாரு. ஒழுங்கா போகாத ஆளு எப்படிண்ணே திரும்பி வருவாரு? முதல்ல அவரை ஒழுங்கா அனுப்பணும். வீட்டுல இருந்து அனுப்பணும். அவரு வீட்டுக்கு வர முடியாது, நான் வீட்டைக் கொண்டுட்டுப் போறேன்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் திக்கென்று வாயைப் பொத்தினார்கள். பாவாயியும் நாக்கைக் கடித்துக்கொண்டு, கொண்டுட்டுப் போயிட்டு வர்றேன் என்று திருத்திச் சொன்னாள்.

மரியதாஸிடம் சங்கத்தின் பெரிய பரிசலைக் கேட்டு வாங்கினாள். சித்தாள் தூக்குகிற இரும்புப் பாண்டுச்சட்டியில் மண் நிரப்பி அதன் மேல் அடுப்புக் கல் மூன்றையும் வைத்தாள், ராகி மாவு, களி கிண்டுகிற கோல், சட்டி, தண்ணீர்க்குடம், பாய், சாமி படம், கூண்டோடு கோழி எல்லாவற்றையும் ஏற்றினாள், நாலு மூங்கில் நட்டுத் தார்ப்பாயை மேலே கட்டினாள். அவன் மறந்துபோன மாற்றுத்துணிப் பையையும் எடுத்துக்கொண்டாள். நீயும் அங்கேயே மாட்டிக்கொண்டால் நாளைக்கு எட்டு மணிக்கு இரண்டு பேரையும் மதகில்தான் தேட வேண்டும் என்று பச்சியண்ணன் கெஞ்சிப் பார்த்தான். தேடாதே, மீன் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டு அவள் துடுப்பைத் தண்ணீரில் போட்டாள். நாற்பது முழத்தை முப்பது தள்ளில் கடந்தாள்.

செங்கோடனுக்குத் தாடி இல்லை, நாவிதர் புண்ணியம். ஆனால் உடம்பு கறுத்து, உள்ளங்கை தண்ணீரில் ஊறி வெள்ளையாக இருந்தது. அவள் இரண்டு பரிசலையும் விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, செருப்பை வெளியில் விடு என்றாள். அவன் விட்டுவிட்டு ஏறி வந்து பாயில் உட்கார்ந்தான். அவள் அடுப்புப் பற்ற வைத்துக் களி கிண்டினாள், வாளை மீனைக் குழம்பு வைத்தாள், வீட்டில் எப்படிப் போடுவாளோ அப்படியே இரண்டு உருண்டை போட்டுக் குழம்பை ஊற்றினாள். கோழி கூண்டுக்குள் கொக்கரித்தது. கரையில் முகாமே கூடி நின்றதை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி சாப்பிட்டதும் பாவாயி கேட்டாள்.

"நான் போன்னு சொன்னனே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"மனசாரத்தான் சொன்னேன் மாமா. எங்கண்ணன் மாதிரி நீயும் வராமப் போயிடுவியோன்னு பயம். வராத ஆளுக்கு எதுக்கு வான்னு சொல்லணும்னு தோணுச்சு."

செங்கோடன் விரலை நக்கிக்கொண்டான்.

"அது தெரியும் புள்ள. அதான் யாருகிட்டயும் சொல்லல."

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். நாற்பது நாள் முகாமே அவன் வாயைத் திட்டியபோது, அவளும் ஒரு வார்த்தை சொன்னாள் என்று அவன் ஒருத்தரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை என்பதை நினைத்தபோது அவளுக்கு அவன் மேல் இருந்த ஆசை இரண்டு மடங்கானது. மூக்கைச் சிந்திவிட்டு, கேட்கப் பயந்துகொண்டிருந்ததையும் கேட்டாள். நெசமாகச் சொல்லு, உனக்கு எங்கே போகணும் என்றாள். தண்ணீரில் இத்தனை நாள் கிடந்ததில் அந்த ஆசை கழுவிப் போயிருக்கும் என்று அவள் உள்ளூர நம்பினாள்.

"திருப்பூருக்கு" என்றான் செங்கோடன்.

பாவாயி சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள், இரண்டு தடவை கழுவினாள். பிறகு மாற்றுத்துணிப் பையை எடுத்து அவன் தோளில் மாட்டி, சாமி படத்திலிருந்து விபூதியைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்தாள்.

செங்கோடன் தன் பரிசலில் காலை வைத்து, திரும்பி நின்று, முழுசாகச் சொன்னான்: "போயிட்டு வர்றேன் பாவாயி."

அவளுக்குப் போ என்ற பாதி சுலபமாக வந்துவிடும், மீதிப் பாதிக்குத்தான் தைரியம் வேண்டியிருந்தது, வராமல் போனால் என்ன செய்வது என்று தெரிந்தும் சொல்ல வேண்டியிருந்தது.

"போயிட்டு வா மாமா" என்று சொன்னாள், கட்டையும் அவிழ்த்துவிட்டாள்.

அவன் இரண்டு சுற்றுச் சுற்றினான், பிறகு எப்படியோ நேராகிக் கிழக்கே போனான். பரிசல் சின்னதாகி, ஒரு வட்டிலாகி, ஒரு புள்ளியாகிக் கீழ்க்கரையில் நின்றது. நின்ற புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி பிரிந்து, முதல் புள்ளியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு மேட்டில் ஏறியது. சிவப்புப் பொட்டு ஒன்று வந்து ஒரு நிமிஷம் நின்று மறுபடி நகர்ந்தது. அவனைக் கரை ஏற விட்டுவிட்டது என்று மேல்கரையில் எல்லாரும் ஒரே சத்தமாகக் கூவினார்கள். பாவாயி அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, வீட்டைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கரைக்கு வந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு மதகு திறந்தார்கள். மூன்று நாள் ஏரி அணையைப் பார்த்து ஓடியது, நாலாம் நாள் இழுவை தணிந்தது. இனி மேல்கரையில் தண்ணீர் நிற்காது என்று ஒவ்வொருத்தராகக் கூடாரத்தைப் பிரித்தார்கள். பாவாயி பிரிக்கவில்லை. சங்கத்துப் பரிசலில் தானே துடுப்புப் போட்டுத் தானே வலையும் விட்டாள்; வலை விட்டால் பரிசல் சுற்றியது, பரிசலைப் பிடித்தால் வலை சிக்கியது, கோழிகூடச் சிரிக்கும்படி இருந்தது அந்தத் தொழில். எங்களோடு வந்துவிடு, ஊரில் போய் இருக்கலாம் என்று பச்சியண்ணன் பெண்சாதி சொன்னதற்கு, வருவாரு, வந்தா இங்கதான் தேடுவாரு என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகை முப்பதாம் தேதி காலையில் அவள் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், என்ன மீன் பட்டிருந்ததோ, வலை மேலே வர மறுத்தது. கிழக்கேயிருந்து ஒரு பரிசல் சுற்றிச் சுற்றி வந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த மற்ற எல்லாக் குடும்பமும் மூட்டையைப் போட்டுவிட்டுத் தண்ணீரோரம் ஓடி வந்து நின்றார்கள். கரை இந்தத் தடவை அவனைச் சேர்க்குமா, சேர்க்காதா? செங்கோடன் புதுப் பனியன் போட்டிருந்தான், அதில் பாதி நனைந்திருந்தது, கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு விட்டிருந்தார்கள். அவன் கரைக்கு வராமல் நேராகப் பாவாயியிடம் போனான், பரிசலைப் பக்கத்தில் கட்டினான்.

"அந்த ஓரத்தைப் பிடி மாமா, விட்டுடாத" என்றாள் பாவாயி.

அவன் பிடித்தான். கரையில் நின்றவர்கள் வாங்க, வந்து காலை வையுங்க, பார்க்கணும் என்று கத்தினார்கள், கையை ஆட்டினார்கள், பச்சியண்ணன் கெட்ட வார்த்தைகூடச் சொன்னான். அவர்கள் இருவர் காதிலும் அது விழவில்லை. வலை அவ்வளவு கனமாக இருந்தது. அவள் இழுத்தால் அவன் விட்டான், அவன் இழுத்தால் அவள் திட்டினாள், ஏழு நாளில் கையே மறந்துபோச்சா என்று அவள் கேட்டதற்கு, நீ விட்ட வலை அப்படி, பின்னல் போட்டு வச்சிருக்க என்று அவன் திருப்பிச் சொன்னான். கிழக்குக்காற்று முதுகில் தள்ளியது. ஒரு முழம், இன்னொரு முழம் என்று இழுத்துக் கடைசி மிதவையையும் உள்ளே போட்டுவிட்டு, மூச்சு வாங்க இருவரும் நிமிர்ந்து பார்த்தபோது, பரிசல் எப்போதோ மேல்கரை மணலில் தட்டி நின்றிருந்தது.